வலப்பக்கத்து ஃபெல்ட்

சேலையெல்லாம் உள்ளார பீரோவுல இருக்குது மாப்ள, எடுத்துக்கலாம். சாவி அதுலயே தொங்குது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு என்ன அவசரம், உங்க அத்தை எங்க எந்திரிச்சு ஓடப் போறா? சித்த நேரம் உக்காருங்க. அந்தச் சேர்ல இல்ல, இதுல. இதுல உக்காந்தாத்தான் ரெண்டு ஸ்பீக்கர் பொட்டியும் சரிசமமாக் கேக்கும். இது என்ற சேரு. இதுல நான் யாரையும் உக்கார வெச்சதில்ல.

நீங்க அவளுக்கு அண்ணன் மகன். அவ சொன்னதுதான் உங்க காதுல இருக்கும், தப்புச் சொல்லல. ஆனா எம்பக்கத்து நியாயத்தை இதுவரைக்கும் ஒருத்தருங் கேக்கல. பெத்த மக கேக்கல. போன்ல கூப்புட்டா, அம்மா தூங்கறாங்கன்னு வெச்சர்றா. எந்நேரமும் தூங்குவாளா ஒருத்தி? நீங்களாச்சும் கேளுங்க.

இந்தப் பொட்டி ரெண்டும் நானே செஞ்சது. கீழ இருக்கற பெரிய வட்டத்துல மிருதங்கம், மத்தளம், அதெல்லாம் வரும். மேல சின்னதா இருக்குது பாருங்க, அது ட்வீட்டர். வயலின் இழுப்பு, ஜால்ரா, கீச்சுச் சத்தம் பூராம் அது வழியாத்தான் வரோணும். இடது பக்கத்துப் பொட்டியில அதைச் சுத்தித் தடிமனா ஒண்ணு ஒட்டியிருக்குதுல்ல, தொட்டுப் பாருங்க. கம்பளி மாதிரி இருக்குதா? அதுதான் ஃபெல்ட். வலது பக்கத்துப் பொட்டியில இல்ல. நானாத்தான் மாட்டாம வெச்சிருக்கறேன். அன்னைக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கட்டும்னு. சொல்றேன், அதுக்குத்தான் வாறேன்.

ட்வீட்டர்ல இருந்து சத்தம் நேரா நம்ம காதுக்கு வந்தாப் பரவால்ல. வராது. பாதி நேரா வரும், மீதி முன்பலகை மேலயே ஓடிப் பொட்டி விளிம்புல போயி இடிச்சு, அங்கிருந்து புதுசாக் கெளம்பி வரும். வாய்க்காத் தண்ணி வரப்புல மோதித் திரும்புமுல்ல, அந்த மாதிரி. நேரா வந்த சத்தத்துக்கு இது ஒரு இம்மி பின்னால வரும். அதனால ஒத்தை வயலின் ஒண்ணேகால் வயலினாக் கேக்கும். ஊருக்குள்ள எல்லாரும் அந்த ஒண்ணேகால் வயலினைத்தான் ஆகா ஓகோன்னு கேட்டுட்டு இருக்கறாங்க. இந்த ஃபெல்ட்டைச் சுத்தி ஒட்டீட்டா, பலகை மேல ஓடற சத்தத்தை அது குடிச்சுப் போடும். வயலின் தனியா வந்து உங்க முன்னால நிக்கும்.

ஃபெல்ட்டு எனக்குப் புதுசில்ல. பேப்பர் மில்லுல மெஷின் ஹால் போர்மேனா இருந்தவன் நான். ஈரக் காகிதத்தை இந்தக் கம்பளி மேலதான் ஓட்டுவாங்க, தண்ணிய உறியறதுக்கு. தேஞ்சதைக் கழிச்சுப் போட்டா ஆளுங்க வீட்டுக்குக் கொண்டு போயிப் போத்திக்குவாங்க. நான் ஒருத்தன்தான் அதைக் காதுக்குக் கொண்டு வந்தவன். அந்த இரைச்சலுக்குள்ள ஆயுசுல பாதிய நின்னிருக்கறேன். எந்த உருளையில பேரிங் போகுதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லுவேன். அதனாலதான் மாப்ள, என்ற காது அவ்வளவு கூர்மை. பழக்கம்.

ஞாயித்துக்கெழமையானா எங்க கோஷ்டி ஒண்ணு கூடும். டாக்டர் தண்டபாணி, காது மூக்கு தொண்டை பாக்கறாரே அவுரு. பாத்திரக்கடை இளங்கோ. இன்னும் ரெண்டு மூணு பேரு. ஒவ்வொரு வாரம் ஒவ்வொருத்தரு ஊட்டுல. பாட்டுக் கேக்கறது, காப்பி குடிக்கறது, யாரு ஊட்டுப் பொட்டி நல்லா இருக்குதுன்னு வம்பு பேசறது. நான் ஃபெல்ட்டு ஒட்டுன வாரம் வந்து கேட்டுப் போட்டு, "போர்மேன், ஒரு வித்தியாசமும் தெரியலீங்களே, எல்லாம் மனப்பிராந்தி"ன்னு இளங்கோ சிரிச்சான். எவர்சில்வர் குண்டாவைத் தட்டித் தட்டிக் காது மழுங்கிப் போனவன் அவன். அவன் என்னையப் பாத்துச் சிரிக்கறான்!

சரி, நிரூபிக்கறண்டான்னு நெனச்சேன். மறு நாளே ஆரம்பிச்சாச்சு. ஃபெல்ட்டைக் கழட்டி மாட்டற மாதிரி ஒட்டுப்பட்டி வெச்சுத் தெச்சேன். பொட்டிக்கு முன்னால ஒரு மெல்லிசு மல்லு வேட்டியத் திரையாக் கட்டுனேன், எங் கண்ணுக்கு ஃபெல்ட்டு தெரியக் கூடாதுல்ல. உங்கத்தைய வேட்டிக்குப் பின்னால உக்கார வெச்சேன். அவளுக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. நான் கண்ண மூடிக்குவேன். ரெண்டு பக்கமும் ஃபெல்ட்டு வெக்கறதா, ஒரு பக்கம் எடுக்கறதா, ரெண்டையும் எடுக்கறதா, அவ இஷ்டம். வெச்சுப் போட்டு உக்காந்துக்கோணும். நான் பாட்டக் கேட்டுட்டு, "எடப்பக்கம் இருக்குது, வலம் இல்ல" அப்பிடின்னு சொல்லுவேன். அவ சரி இல்லாட்டித் தப்புன்னு சொல்லோணும். இதுல என்ன கஷ்டம் இருக்குதுங்க? களையெடுக்கச் சொன்னனா, கல்லுடைக்கச் சொன்னனா?

ஸ்டூல் கேட்டா. முட்டி வலிக்குது, தரையில உக்காந்து உக்காந்து எந்திரிக்க முடியலைன்னு. ஸ்டூலப் போட்டா அதுல சத்தம் பட்டுத் திரும்பும், சோதனையே கெட்டுப் போகும். சொன்னாப் புரியல. தரையில உக்காந்து, முட்டி போட்டு நிமுந்து, எட்டி மாட்டறதுதான் முறை. முட்டிக்குப் பாக்கற டாக்டரே அவளைக் குனிஞ்சு நிமுந்து வேலை செய்யச் சொல்லியிருக்கறாரு. ஒருவேளை குனிய வேண்டாம்னு சொன்னாரோ என்னமோ, ரெண்டுல ஒண்ணு.

அப்பறம் வளையல். கைய நீட்டுனாக் கிலுங்குது, எந்தப் பக்கம் கை போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போகுது. கழட்டி வெய்யுன்னேன். அவ்வளவுதான், கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "நீங்க உசுரோட இருக்கையில நான் எதுக்குங்க வளையலக் கழட்டோணும்"னு ஒரே அழுகை. நான் என்ன கொடுமைக்காரனுங்களா மாப்ள? சரி சாமின்னு, ஃபெல்ட்டை நீளமா நறுக்கி ஒவ்வொரு வளையலுக்குஞ் சுத்தித் தெச்சுக் குடுத்தேன். மெட்டிக்குக் கூட. எந்தப் புருசன் செய்வான் சொல்லுங்க? அதைப் போட்டுட்டுக் கடைக்குப் போக மாட்டேன், வெக்கமா இருக்குதுன்னா. போகாத, யாரு போகச் சொன்னதுன்னேன். அதுக்கப்பறம் கடைக்குப் போறதையே உட்டுப் போட்டா.

மொதல் வாரம் நெறையத் தப்பு வந்துச்சு. மறைக்கல, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. தப்பு வரையில எனக்குக் கோவம் வரும், வராதா? ஒழுங்கா மாட்டுனயாடி, கோணலா மாட்டீட்டுத் தப்புங்கறயான்னு கத்துவேன். ஒருக்கா டம்ளரை வீசீட்டேன், அவ மேல இல்ல, செவுத்து மேல. மறுபடியும் முதல்ல இருந்து வைப்பேன். சரி வர்ற வரைக்கும் உட மாட்டேன். மத்தியானச் சோறு பொழுது சாஞ்சுதான் ஆகும். எனக்குத்தான் பசி, அவளுக்கென்ன, பின்னால உக்காந்தே கெடக்கறா.

அப்பறம் பாருங்க, மெதுவாக் காது பிடிபட ஆரம்பிச்சுது. சரி. சரி. சரி. வேட்டிக்குப் பின்னால இருந்து அவ குரல் வரும். "வலம் மட்டும் இருக்குது"ம்பேன். சரிங்க. "ரெண்டும் இல்ல." சரிங்க. தை பொறந்ததுல இருந்து தப்புங்கற வார்த்தையே இந்த ஊட்டுல கேக்கல. ஒரு வருசம் மாப்ள! மனசு எப்பிடி இருந்துச்சுன்னா, ரோட்டுல போகையில எல்லாத்தையும் கூப்புட்டுச் சொல்லோணும் போல இருந்துச்சு. சந்தோசத்துல அவளுக்கு நோம்பிக்குச் சேலை கூட எடுத்துக் குடுத்தேன். அந்தப் பச்சைச் சேலை, பீரோவுல மேல் தட்டுல இருக்கும். அதையுங் கேட்டு உட்டாளா? இல்லையா? ம். அதை மட்டும் கேக்கலையா.

கோஷ்டியில போயிச் சொன்னேன். இளங்கோ வாயப் பொத்திக்கிட்டான். டாக்டரு மட்டும், "அப்பிடீங்களா, நாங்களும் ஒருக்காப் பாக்கறமுங்களே"ன்னாரு. வாங்கன்னேன். எனக்கென்ன பயம்?

அந்த ஞாயித்துக்கெழமை இதே ஹால்ல எல்லாரும். கேசரி கிண்டி வெச்சிருந்தா உங்கத்தை. நான் அவளைப் போயி உக்காருன்னு சொல்ல, டாக்டரு குறுக்க உழுந்து, "அம்மாவுக்கு எதுக்குங்க செரமம், நான் பின்னால போறேன்"னு அவுரே போயி உக்காந்துட்டாரு. ஆரம்பிச்சுது. எடம் இருக்குது வலம் இல்லைன்னேன். தப்புங்கன்னாரு. ரெண்டும் இருக்குதுன்னேன். தப்புங்க. அப்பறம் ஒண்ணு சரி. அப்பறம் தப்பு, தப்பு, தப்பு. கண்ண மூடீட்டு இருக்கறேன், காதெல்லாம் சூடாகுது. எவனோ கேசரித் தட்டுல ஸ்பூனைச் சொரண்டறான். இளங்கோ சிரிப்பை அடக்கறது எனக்குத் துல்லியமாக் கேக்குது, அது மட்டும் கேக்குது.

கண்ணத் தொறந்து உங்கத்தையப் பாத்தேன். "ஏண்டி, நீ மாட்டையில எல்லாஞ் சரி வந்துச்சு, இவுரு மாட்டையில எப்பிடித் தப்பு வருது? சொல்லு இவுங்ககிட்ட"ன்னேன். எனக்காகப் பேசுவாள்னுதான் கேட்டேன். அவ சமையக்கட்டு வாசக்கால்ல சாஞ்சு நின்னுட்டு இருந்தா. கேசரிக் கரண்டி கையில. என்ன சொன்னா தெரியுமுங்களா?

"நான் எங்கீங்க மாட்டுனேன்? முட்டி வலியில எந்திரிக்கவே முடியறதில்ல. பின்னால சும்மா உக்காந்துட்டு, நீங்க சொல்றதுக்கெல்லாஞ் சரி சரின்னுட்டு இருந்தேன்."

அப்பிடியே சொன்னா மாப்ள. கூசாம. சிரிச்சாங்க பாருங்க, ஊடே அதிருது. டாக்டரு கூடத் திரும்பீட்டுச் சிரிக்கறாரு. அவளும் சிரிச்சா. அதுதான் என்னால தாங்க முடியல. அவுங்க சிரிச்சதும் இவளுஞ் சிரிக்கறா, வாயில முந்தானைய வெச்சுட்டு. இந்த ஊட்டுல அவ சிரிச்சு நான் பாத்து எந்தக் காலமாச்சு, அன்னைக்குச் சிரிக்கறா. என்ற மானம் கப்பலேறுது, இவளுக்குச் சிரிப்பு.

எல்லாரும் போகையில டாக்டரு தோள்ல கையப் போட்டு, "போர்மேன், மில்லுச் சத்தத்துல இருந்தவங்களுக்கு அந்தக் கீச்சுச் சுரமெல்லாம் மொதல்ல போயிருமுங்க. வாங்க, ஒரு டெஸ்ட் எடுத்துப் போடலாம்"ங்கறாரு. நான் ஏன் போறேன்? என்ற காதுக்கு ஒண்ணும் ஆகல. காதக் கெடுத்தது யாரு? இவ. ஒரு வருசம் தப்பையெல்லாஞ் சரி சரின்னு சொல்லிக் குடுத்தா எந்தக் காதுதான் கெடாது? பிள்ளைக்குத் தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டுப் பரிச்சைக்கு அனுப்புன மாதிரி. கெடுத்தவதான சரி பண்ணோணும்? அது நியாயந்தானுங்களே?

அதனால மறுபடி மொதல்ல இருந்து. இந்தத் தடவை ஏமாத்த முடியாது. செவுத்தோரம் ஒரு கண்ணாடிய நிறுத்தி வெச்சேன். பாட்டுக்கு முன்னால அவ எந்திரிக்கறாளா, முட்டி போடறாளான்னு அதுல பாத்துக்குவேன். பாத்துட்டுத்தான் கண்ண மூடறது. காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. முனகுனா. தைலம் வாங்கிக் குடுத்தேன். மகளுக்குப் போன் பண்ணி அழுதிருக்கறா, அவ என்னைய வாய்க்கு வந்தபடி பேசுனா. அப்பாவுக்குத்தான் அம்மாவால எவ்வளவு நஷ்டம்னு அதுக்கு எங்க தெரியுது?

இப்பத்தான் மாப்ள விசயத்துக்கு வாறேன். நல்லாக் கேளுங்க.

அன்னைக்குக் காத்தால. வயலின் ஒண்ணு, ஆலாபனை மட்டும், துணைக்கு ஒண்ணும் கெடையாது. கண்ணாடியில பாத்தேன், முட்டி போட்டா, கையத் தூக்குனா. கண்ண மூடிக்கிட்டேன். வயலின் நடுவுல வந்து நின்னுச்சு. சித்த நேரத்துல, வலது பக்கமா, வயலினை ஒட்டியே இன்னொரு இழுவை. மெல்லிசு. வயலின் நிக்கையிலயும் அது நிக்காம இழுக்குது. நான் சொன்னனே, விளிம்புல இடிச்சுப் பின்னால வர்ற சத்தம்! ஃபெல்ட்டு இல்லாத பொட்டியில இருந்து வர்ற சத்தம்! இத்தனை நாளா நான் தேடுனது அதைத்தான். "வலம் இல்ல! வலது பக்கம் ஃபெல்ட்டு இல்ல!"ன்னு கத்துனேன்.

சரின்னு வரல. தப்புன்னும் வரல. "சொல்லுடி, சரியா?"ன்னேன். அந்த இழுவை மட்டும் வருது. மொறைச்சுட்டு இருக்கறா, வேணும்னே சொல்லாம என்னையத் தவிக்க உடறான்னு நெனச்சேன். இருடி, நானும் எந்திரிக்க மாட்டேன், எவ்வளவு நேரம் இருக்கறயோ பாத்தர்றேன்னு உக்காந்துட்டேன். பிளேட்டு முழுசும் ஓடி முடிஞ்சுது. நல்ல வாசிப்பு.

அவ கூப்புட்டாளாமா? உங்ககிட்டயுஞ் சொன்னாளா? ஏனுங்க ஏனுங்கன்னு கூப்புட்டேன்னு மககிட்டச் சொல்லியிருக்கறா. பொய்யிங்க. கூப்புட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? இந்தக் காதுக்கா கேட்டிருக்காது? எனக்குக் கேட்டது கூப்பாடே இல்ல. அது ஒரு இழுவை. நான் ரெண்டு காதாலயுங் கேட்டேன்.

வேட்டிய வெலக்கிப் பாத்தேன். ஒரு காலு அடியில மடிஞ்சு கெடக்க, ஒருக்களிச்சு உழுந்து கெடக்கறா. மூஞ்சி வேர்த்து வெளுத்துப் போயி. நான் மொதல்ல வலது பக்கத்துப் பொட்டியப் பாத்தேன். வெறும் பலகை, மாப்ள. வெறும் பலகை! ஃபெல்ட்டு அவ கையில இருக்குது. கழட்டுன கையோட உழுந்திருக்கறா. சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "சரிதாண்டி! நாஞ் சொன்னது சரிதாண்டி வசந்தாமணி!"ன்னு அவ தோளப் புடிச்சு ஆட்டுனேன். அதுக்குக் கூட அலறுனா.

நல்லவேளை, எனக்குப் புத்தி வேலை செஞ்சுது. செல்லுல ஒரு போட்டோ எடுத்தேன். வெறும் பொட்டியும், ஃபெல்ட்டு புடிச்ச கையும் ஒண்ணாத் தெரியோணும், கொஞ்சம் கோணம் பாக்க வேண்டியிருந்துச்சு. எடுத்துக் கோஷ்டிக் குரூப்புல போட்டேன். இப்ப என்ன சொல்றீங்கன்னு எழுதுனேன். அப்பறந்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுனது. நான் பண்ணாம வேற யாரு பண்ணுனாங்க?

ஒருத்தனாச்சும் பொட்டியப் பத்தி ஒரு வார்த்தை கேட்டானா? எந்த ஆஸ்பத்திரி, அம்மா எப்பிடி இருக்கறாங்கன்னு டாக்டரு கேக்கறாரு. இளங்கோ என்னமோ கெட்ட வார்த்தை எழுதுனான். பொழுதோடப் பாத்தா என்னையக் குரூப்புல இருந்தே எடுத்துட்டாங்க. பொறாமை. வேறென்ன? ஜோடிச்ச போட்டோன்னு நாளைக்குச் சொன்னாலுஞ் சொல்லுவாங்க. போட்டோ சாட்சி ஆகுமா? ஆகாது. அங்க இருந்தது நானும் அவளுந்தான். இனி சாட்சின்னா அவ ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிக் கேட்டேன். இடுப்பெலும்பு ஒடஞ்சிருக்குது, ஆபரேசன் முடிஞ்சுது, இனி நடக்கறது கஷ்டம்னாங்க. அதெல்லாம் அவுங்க பாத்துக்குவாங்க, படிச்சவங்க. நான் பக்கத்துல உக்காந்து மெதுவாத்தான் கேட்டேன். வசந்தாமணி, நீ எதையுஞ் சொல்ல வேண்டாம், நான் வலம் இல்லைன்னு சொன்னப்ப நீ ஃபெல்ட்டைக் கழட்டியாச்சுதானே, அதை மட்டுஞ் சொல்லு. என்னையப் பாத்தா. நல்லாப் பாத்தா. பாத்துப் போட்டு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அடுத்த நாளுங் கேட்டேன், அதேதான். காப்பி வேணுமான்னு நர்ஸ் கேட்டா வேணும்னு சொல்றா. சன்னலச் சாத்தட்டான்னா சாத்துன்னு சொல்றா. எனக்கு மட்டும் செவுரு. மக வந்து, இனி நீங்க வரவே வேண்டாம்ப்பான்னு வெளிய அனுப்பீட்டா.

நெனச்சுப் பாருங்க மாப்ள. ஒரு வருசம் பூராம் பொய்யாச் சரி சரின்னவ. வாய் வலிக்காம சொன்னவ. நெசமாவே சரியா இருக்கற ஒண்ணே ஒண்ணுக்கு வாயத் தொறக்க மாட்டேங்கறா. இதுக்குப் பேரு என்ன? எத்தனை வன்மம் இருந்தா ஒரு பொம்பள இப்பிடிச் செய்வா?

சேலைய எடுத்துக்குங்க. பச்சையையும் எடுத்துக்குங்க, கேக்காட்டிப் போகுது. அவ கையில குடுக்கையில, மக பக்கத்துல இல்லாதப்பப் பாத்து, எனக்காக ஒண்ணே ஒண்ணு கேளுங்க. வலது பக்கம் ஃபெல்ட்டு இல்லதானே அத்தைன்னு கேளுங்க. டாக்டருகிட்டச் சொல்ல வேண்டாம், கோஷ்டியில சொல்ல வேண்டாம், எங்கிட்டப் பேசக் கூட வேண்டாம். வாயத் தொறந்து சரீன்னு சொல்லப் பிடிக்காட்டித் தலைய ஆட்டுனாப் போதும். இடுப்புதானுங்க மாப்ள ஒடஞ்சிருக்குது. தலைய ஆட்டறதுக்கு என்ன?